எழுதிய கையும் நட்ட கையும்

ஒரகடத்தில் பகல்நேரப் பணி முடிகின்ற வேளையும் இந்தப் பூக்கள் மணக்கத் தொடங்குகின்ற வேளையும் ஏறக்குறைய ஒன்றே. தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பும் பெருஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, வேப்பமர நிழலில், என் வீட்டு முற்றத்தில் பதினொரு தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என மூன்று நிறங்களில், ஒரு சாணுக்கும் மேல் நீண்ட பூக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. பகலில் அவற்றுக்குப் பெரிதாக மணம் இல்லை. பொழுது சாய்ந்ததும் தெருவே நின்று நுகரும் அளவுக்கு மணம் எழுகிறது. இரவில் பறக்கும் விட்டில்களை அழைப்பதற்காக இறைவன் அமைத்த ஏற்பாடு அது.

சென்ற ஆண்டு ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, அந்த மணத்தால் ஈர்க்கப்பட்டு வாயிலில் நின்றாள். ஜார்க்கண்ட் மாநிலத்து ஆதிவாசிக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இங்கே மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் ஈராண்டாகப் பணிசெய்கிறாள். பழகிய அளவு தமிழில் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “சார், இது எந்தக் காட்டுப் பூ?”

எந்தக் காட்டுப் பூவும் அன்று என்பதே உண்மையான விடை. தான் பிறந்த காட்டில் இச்செடி இன்று இல்லை. அவளுக்கு அதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. பெருமைப்படத் தக்க பங்கும் உண்டு, தலைகுனியத் தக்க பங்கும் உண்டு. இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊமத்தையின் உறவு

இச்செடியின் பெயர் புருக்மான்சியா. ஆங்கிலத்தில் இதனை ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்பர். நம் மொழியில் வானதூதரின் எக்காளம் எனலாம். கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் நன்கு அறிந்த ஊமத்தைக்கு மிக நெருங்கிய உறவு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஊமத்தை ஓரிரு பருவங்களில் முடிந்துபோகும் சிறு செடி. புருக்மான்சியா ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பல்லாண்டு வாழும் மரச்செடி. ஊமத்தைப் பூ வானத்தை நோக்கும், இதுவோ மண்ணை நோக்கித் தொங்கும். ஊமத்தங்காயில் முள் உண்டு, இதன் காய் முள்ளற்றது. நஞ்சில் மட்டும் இரண்டும் உடன்பிறப்புகளே. இலை, பூ, விதை, வேர் அனைத்தும் நஞ்சு.

ஊமத்தையை நம் நாடு நெடுங்காலமாக அறியும். சிவபெருமான் சூடும் மலராக அதனைச் சைவ மரபு போற்றுகிறது. 1563ஆம் ஆண்டில் கோவாவில் அச்சேறிய தம் மருந்து நூலில் கார்சியா தா ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர் ஊமத்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். திருடர்கள் அதை உணவில் கலந்து கொடுத்து, உண்டவர் மதிமயங்கிச் சிரித்துக்கொண்டிருக்கையில் பொருளைக் கவர்ந்து செல்வதை அவர் விவரிக்கிறார். ஓர்த்தா யூத மரபில் பிறந்து கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்ற குடும்பத்தவர். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவர் மறைவாக யூத நெறியைக் கைக்கொண்டார் என்று கோவாவின் மறை விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. 1580ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து எரித்தனர். நம் மண்ணின் மூலிகைகளை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவருக்கு நம்மவர் செய்த கைம்மாறு இது. இதனை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கடல் கடந்து எக்காளப் பூவின் தாயகமாகிய தென் அமெரிக்காவுக்குச் செல்வோம்.

எழுதிய கை

ஓர்த்தாவின் எலும்புகள் எரிந்த அதே காலத்தில், பெரு நாட்டில் இயேசு சபையின் மாநிலத் தலைவராக இருந்தவர் அருட்தந்தை ஹோசே தே அக்கோஸ்தா. கூர்ந்து நோக்கும் கண்ணும் தெளிந்த எழுத்தும் உடையவர். 1590ஆம் ஆண்டில் செவில் நகரில் அச்சான ‘இந்தியத் தீவுகளின் இயற்கை, ஒழுக்க வரலாறு’ என்னும் அவருடைய நூலில், புளோரிபோந்தியோ என்றொரு பூமரம் இடம்பெறுகிறது. அதன் பூக்கள் லீலி மலரினும் பெரியவை, சிறு மணிகளைப் போன்றவை, வெண்மையானவை என்கிறார். ஆண்டு முழுவதும் ஓயாமல் பூப்பது என்றும், அதன் மணம் மிக இனியது என்றும் எழுதுகிறார். அரச தோட்டத்துக்கு ஏற்றது என்று கருதி, பெருவின் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ அதனை இரண்டாம் பிலிப்பு மன்னருக்கு அனுப்பினார் என்ற செய்தியையும் அவர் வாயிலாகவே அறிகிறோம்.

அக்கோஸ்தா இன்னொன்றும் குறித்திருக்கிறார். அம்மரம் பூக்குமேயன்றிக் காய்ப்பதில்லையாம். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு படிக்கும்போது இச்சிறு குறிப்புதான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. புருக்மான்சியாவின் பெரும்பாலான இனங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய் பிடிக்கச் செய்யாது. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட செடிகள் எத்தனை இருந்தாலும், அவையெல்லாம் உண்மையில் ஒரே செடியே. ஆகவே அவற்றுக்குள்ளும் காய் பிடிப்பதில்லை. அந்தப் பாதிரியார் கண்டது காட்டு மரமாக இராது, யாரோ ஒருவர் கிளை ஒடித்து நட்டு வளர்த்த தோட்டத்து மரமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

அடுத்து எழுதியவரும் துறவியே. பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்த அருட்தந்தை லூயி பெய்யே பிரான்சு மன்னரின் ஆணையால் தென் அமெரிக்கக் கடற்கரைகளை ஆராயச் சென்றார். வானியலும் தாவரவியலும் ஒருங்கே கற்றவர். பெரு நாட்டில் கண்ட எக்காளப் பூமரத்தை வரைந்து விளக்கி 1714ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயரிட்டபோது, இம்மரத்தை நேரில் காணாமல், பெய்யே அடிகளின் விளக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு ‘டத்தூரா அர்போரியா’, அதாவது மர ஊமத்தை, என்று பெயரிட்டார். 1805ஆம் ஆண்டில் பெர்சூன் என்பவர் இதனை ஊமத்தையிலிருந்து பிரித்து, லெய்டன் நகரப் பேராசிரியர் புருக்மான்ஸ் என்பவரின் நினைவாகப் புதுப்பெயர் சூட்டினார். அந்தப் பிரிவினையை அறிஞர் பலர் ஏற்கவில்லை. டாமி லாக்வுட் என்ற இளம் ஆய்வாளர் 1973ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டுக்குப் பிறகே இது தனிப் பேரினம் என்ற கருத்து நிலைபெற்றது.

ஆக, இப்பூவை உலகறியச் செய்த ஏட்டில் தொடக்கப் பக்கங்களை எழுதிய கைகள் திருநிலைப்பாடு பெற்ற கைகள். இது நம் பெருமை.

எரித்த கை

தலைகுனிய வேண்டிய பகுதி இனி வருகிறது. ஆண்டிஸ் மலை மக்களுக்கு எக்காளப் பூமரம் வெறும் அழகுச் செடியாக இருந்ததில்லை. அவர்களுடைய மருத்துவர்கள் அதன் இலையைப் புண்ணுக்கும் வீக்கத்துக்கும் மேற்பூச்சாகப் பயன்படுத்தினர். நோயின் காரணத்தை அறியவும் முன்னோருடன் பேசவும் வேண்டி, அச்சத்தோடும் நோன்போடும் அதனை மிகச் சிறிதளவு அருந்தினர். 17ஆம் நூற்றாண்டில் பெருவில் ‘சிலை வழிபாட்டை வேரறுத்தல்’ என்ற பெயரில் திருச்சபை அதிகாரிகள் ஊர் ஊராக விசாரணை நடத்தினர். பழங்குடி மருத்துவர்களும் பூசாரிகளும் தண்டனை பெற்றனர். அவர்கள் வணங்கிய பொருள்கள் நெருப்பில் இடப்பட்டன. முன்னோரின் உலர்ந்த உடல்களும் அதற்குத் தப்பவில்லை. கோவாவில் ஓர்த்தாவின் எலும்புகளைச் சுட்ட தீ அங்கும் எரிந்தது.

மந்திரத்தை எதிர்த்தவர்கள் அதனோடு பிணைந்திருந்த மருத்துவத்தையும் வேளாண் அறிவையும் பிரித்துப் பார்க்கவில்லை. பதரை எரிக்கப் புகுந்து களத்தையே எரித்தவனின் செயல் அது. ஒரு செடியைப் பற்றி நன்றாக எழுதத் தெரிந்த திருச்சபைக்கு, அச்செடியை வளர்த்தவனின் பேச்சைக் கேட்கத் தெரியவில்லை.

நட்ட கை

அப்படியிருந்தும் செடி பிழைத்தது. எவ்வாறு பிழைத்தது என்பதை அறியக் கொலம்பியாவின் தென்பகுதியிலுள்ள சிபுந்தோய் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், காம்சா, இங்கா என்னும் இரு பழங்குடிகள் வாழும் இடம் அது. அங்குள்ள மருத்துவர்களின் வீட்டுத் தோட்டங்களில் எக்காளப் பூமரத்தின் பல வகைகள், தனித்தனிப் பெயரோடு, தந்தையிடமிருந்து மகனுக்குக் கிளை வழியாகவே கைமாறி வந்திருக்கின்றன. 1940களில் அங்கே சென்ற ஹார்வர்டு தாவரவியலர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ், பாம்பைப் போல் குறுகி நீண்ட இலையுடைய ஒரு வகையைக் கண்டு வியந்தார். அது முற்றிலும் புதிய பேரினம் என்று 1955ஆம் ஆண்டில் அறிவித்தார். பின்னரே உண்மை புலப்பட்டது. அது காட்டில் தோன்றிய புதுச்செடி அன்று. இயல்பு மாறிய எக்காளப் பூமரம் ஒன்றை மக்கள் கண்டு, விரும்பி, கிளை நட்டுத் தலைமுறைகளாகக் காத்துவந்த வகையே அது. அறிஞர் உலகம் இயற்கையின் படைப்பு என்று எண்ணியது, பெயர் தெரியாத தோட்டக்காரர்களின் உழைப்பாக இருந்தது.

இப்பேரினத்தில் ஏழு இனங்கள் உண்டு. அந்த ஏழும் இயற்கை வாழிடத்தில் அழிந்துவிட்டவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் குறிக்கிறது. இவற்றின் கனமான காய்களை உண்டு விதை பரப்பிய பெருவிலங்குகள் பன்னெடுங்காலத்துக்கு முன்பே மறைந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. விதை பரப்ப யாருமில்லாத நிலையில், மனிதன் அதன் கிளையை ஒடித்துத் தன் குடிசை அருகே நட்டான். அந்த ஒரு செயலால்தான் இப்பூ இன்றும் உலகில் இருக்கிறது.

கிளை ஒடித்து நடுவதை நம் உழவர் போத்து நடுதல் என்பர். முருங்கையும் பூவரசும் கிளுவை வேலியும் நம் ஊர்களில் பெருகியது போத்தினால்தான். கேட்பவருக்குப் போத்துக் கொடுக்க மறுப்பது நம் கிராமங்களில் வழக்கம் அன்று. ஆண்டிஸ் மலையிலும் அந்த வழக்கம் இருந்திருக்கிறது. அதுவே ஓர் உயிரினத்தை முழு அழிவிலிருந்து காத்தது.

பழனி மலை வழியாக

தமிழ்நாட்டில் எக்காளப் பூவை இயல்பாகக் காணவேண்டுமானால் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல வேண்டும். ஓடைக் கரைகளிலும் பழைய பங்களாக்களின் மதிலோரங்களிலும் வெண்பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். குளிர்ந்த இரவும் ஈர மண்ணும் அதற்கு உகந்தவை. கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895ஆம் ஆண்டில் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி தாவர ஆய்வுக்கும் பெயர்பெற்றது. பிரெஞ்சுக் குருவாகிய அருட்தந்தை லூயி ஆங்கிலேட் பழனி மலைத் தாவரங்களை அங்கே வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அம்மரபில் வந்தவர் அருட்தந்தை கே. எம். மேத்யூ. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் காப்பகத்தை உருவாக்கியவர் அவர். கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி மட்டும் ஒரு தனி நூலை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்த அவருடைய பெருநூல் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அயல்நாட்டுச் செடிகளைத் தனியே பிரித்து எழுதியதில் ஒரு பாடம் இருக்கிறது. அன்பினால் கொண்டுவந்த செடியும், எல்லை தாண்டினால், சோலைக்காடுகளின் சொந்தச் செடிகளுக்கு இடையூறாகலாம். ஆகவே எக்காளப் பூவை விரும்புவோர் அதனைத் தொட்டியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய கிளைகளை ஓடையோரம் வீசுதல் ஆகாது. அங்கேயே வேர்விட்டுவிடும்.

சமவெளியில் ஒரு முயற்சி

திருப்பெரும்புதூர் வட்டாரம் குளிர்ந்த மலை அன்று. இராமானுசர் பிறந்த ஊர் என்று உலகம் அறிந்த இப்பகுதி, நெடுங்காலம் ஏரிப் பாசனத்தால் நெல் விளைவித்த பூமி. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது. 2010 முதல் ஒரகடத்தைச் சுற்றியும் வாகன ஆலைகள் பெருகின. வயலும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின, கான்கிரீட்டும் தாரும் பரவின. அதனால் இரவின் குளிர்ச்சியும் குறைந்ததுபோல் தோன்றுகிறது. இத்தகைய இடத்தில் எக்காளப் பூவை வளர்ப்பது எளிதன்று.

கொடைக்கானலிலிருந்து அருட்சகோதரி ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றித் தந்த போத்துகளிலிருந்து என் முயற்சி தொடங்கியது. முதல் ஆண்டில் பாதிக்கு மேல் அழுகிப்போயின. மலைக்குளிரில் மட்டும் வாழும் சிவப்புப் பூ இனத்தை ஆசைப்பட்டு வாங்கி வைத்தேன். அக்கினி நட்சத்திரத்தை அது தாண்டவில்லை. சமவெளிக்கு ஓரளவு இணங்குவது வெண்பூ இனமும் அதன் கலப்பு வகைகளுமே என்று பட்டறிந்தேன்.

பயில விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். விரல் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, கணுக்கள் இரண்டு மண்ணுக்குள் இருக்குமாறு நடவேண்டும். செடி நேராக வளர்ந்து முதன்முதலாகக் கவையாகப் பிரியும் இடத்துக்கு மேலிருந்து வெட்டிய போத்து விரைவில் பூக்கும். கீழிருந்து வெட்டியது முதலில் உயரமாக வளர்ந்து, பிறகே பூக்கும். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். செம்மண்ணும் மட்கிய தொழுஉரமும் மணலும் கலந்த, நீர் தேங்காத பெரிய தொட்டி வேண்டும். காலை இளவெயில் நல்லது, உச்சிவெயில் ஆகாது. கோடையில் இருவேளையும் நீர் ஊற்ற வேண்டும். நீர் குறைந்தால் இலைகள் துவண்டு, மொட்டுகள் உதிர்ந்துவிடும். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் சிலந்திப் பேனுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழியின் குளிர் வந்தபின்பே இங்கே நிறைவான பூப்பு உண்டு. கோடையில் உயிரோடு இருப்பதே அதற்குப் பெரும்பாடு.

இதனினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. இச்செடியை வெட்டும்போது கையுறை அணிய வேண்டும், பின்னர் கைகளைக் கழுவ வேண்டும். சாறு பட்ட விரலால் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். இலையையோ பூவையோ உட்கொண்டால் மனப்பிறழ்ச்சியும் உயிர்க்கேடும் நேரும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஆடுமாடு மேயும் இடத்திலும் இதனை வைத்தல் கூடாது. எங்கள் ஆலய வளாகத்தில், கெபியின் அருகே நட ஒரு போத்துக் கேட்டார்கள். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்களை எண்ணி மறுத்துவிட்டேன்.

ஆயினும் அந்த நஞ்சிலேயே மருந்தும் இருக்கிறது. ஊமத்தையிலும் எக்காளப் பூவிலும் உள்ள அட்ரோபின் என்னும் பொருள், பூச்சிமருந்து குடித்து உயிருக்குப் போராடும் உழவனைக் காப்பாற்ற நம் மருத்துவமனைகளில் இன்றும் ஊசிவழி செலுத்தப்படுகிறது. ஸ்கோப்போலமின் என்ற மற்றொன்று பயணத்தில் ஏற்படும் குமட்டலைத் தணிக்க உதவுகிறது. ஆண்டிஸ் மருத்துவன் அறிந்திருந்த இரட்டை இயல்பை அறிவியல் பின்னர் அளந்து காட்டியது.

கொடுத்தவரை நினைத்தல்

அந்த ஜார்க்கண்ட் பெண் பிறகும் சில ஞாயிறுகளில் வந்தாள். தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவாள். போத்து நடுவதைப் பார்த்ததும் தங்கள் ஊரின் கரம் திருவிழாவைச் சொன்னாள். கரம் மரத்தின் கிளையை வெட்டிவந்து ஊர் நடுவே நட்டு, இரவெல்லாம் சூழ்ந்து ஆடுவார்களாம். தன் பாட்டியின் இளமையில் கிறிஸ்தவர்கள் அதற்குப் போகக்கூடாது என்று தடை இருந்ததாம். இப்போது ஆலயத்திலேயே அக்கிளையை மந்திரிக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெறுப்பு இல்லை. எனக்குத்தான் சற்று நாணமாக இருந்தது.

2015ஆம் ஆண்டு சூலை மாதத்தில், பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரில், திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு எதிராகத் திருச்சபை இழைத்த குற்றங்களுக்காகப் பணிவோடு மன்னிப்புக் கேட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளியான ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், நிலத்தைப் பேணுவது பற்றிப் பேசும்போது முதன்மையாகக் கலந்துபேச வேண்டியவர்கள் அம்மக்களே என்றும் கற்பித்திருந்தார். மறைந்த அத்திருத்தந்தையின் சொற்களை நான் இந்தத் தொட்டிகளின் அருகே நின்று பொருள் கொள்கிறேன். ஏதேன் தோட்டத்தைப் பேணும் பொறுப்பை இறைவன் மனிதனுக்குக் கொடுத்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. அப்பொறுப்பை இப்பூவின் மட்டில் நிறைவேற்றியவர்கள், நம்முடைய முன்னோர் ‘இருளில் இருப்பவர்கள்’ என்று எண்ணியவர்களே.

எழுதிய கைகளை இகழ வேண்டியதில்லை. அக்கோஸ்தாவும் பெய்யே அடிகளும் எழுதாவிடில் இவ்வரலாற்றை நாம் அறியோம். ஆனால் ஏட்டில் இருக்கும் பூ மணப்பதில்லை. நட்டு, நீர் ஊற்றி, அடுத்தவருக்கு ஒடித்துக் கொடுத்த கைகளால்தான் இன்று மாலை என் முற்றம் மணக்கிறது. அக்கைகளுக்கு உரியவர்களின் பெயரை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. நாமேனும் நன்றியோடு நினைக்கலாம்.

சென்ற கார்த்திகையில் அந்தப் பெண் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்பட்டாள். ஒரு போத்து வேண்டுமா என்று கேட்டேன். தங்கள் வீட்டில் ஆடுகள் உண்டு, தங்கை பிள்ளைகளும் உண்டு, வேண்டாம் என்றாள். எங்கே நடலாம், எங்கே நடலாகாது என்று அறிந்திருப்பதும் பேணுதலின் ஒரு பகுதி அன்றோ! அதற்குப் பதிலாக அவள் கடைசியாக நட்ட போத்தைக் காட்டி, அது பூத்தால் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டாள். இந்த மார்கழியில் அது முதல்முறையாகக் கவை பிரிந்தது. அதன் நடுவே ஒரு மொட்டு தெரிகிறது.